விளையாட்டு எனும் அனுபானம்

(பக்கவாத மறுவாழ்வில் வீடியோ கேமின் இடம் குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பக்கவாதம் வந்தவர்களை மீட்டெடுக்கும் வேலையில் வீடியோ கேமுக்கு இடம் உண்டா? உண்டு என்றே நான் நினைக்கிறேன். எந்த இடம் என்பதில்தான் கருவி விற்பவர்களோடும், சில நேரம் என் துறைத் தோழர்களோடும் மாறுபடுகிறேன். கையை மீட்பது அசைவு. போதிய எண்ணிக்கையில், சரியான முறையில், உரிய காலத்தில் செய்யும் அசைவு. சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் தேனிலோ பாலிலோ வெந்நீரிலோ கொடுப்பார்கள். அந்தத் தேன் அனுபானம். வீடியோ கேம் இந்தச் சிகிச்சையின் அனுபானம். தேனையே சூரணம் என்று விற்பது தவறு. வெறும் தேன்தானே என்று ஒதுக்குவதும் தவறு. இந்தக் கருத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைக் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளின் வழியே சொல்கிறேன்.

முதலில் கை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குக் கால் ஓரளவாவது திரும்பிவிடுகிறது. கட்டிலிலிருந்து கழிவறைவரை போக இரண்டு காலும் வேண்டும் என்பதால், வலுவிழந்த காலும் நாள்தோறும் ஏதோ வேலை செய்தாக வேண்டியிருக்கிறது. கையின் நிலைமை வேறு. வலது கை விழுந்துவிட்டால் இடது கை பொத்தான் போடும், கதவைத் திறக்கும், செல்போனைத் தேய்க்கும். இடது கையால் சாப்பிடுவதா என்ற கூச்சம் முதல் சில நாள் இருக்கும். பிறகு தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பூன் வந்துவிடும். அதன்பின் வலது கைக்கு வேலையே இல்லை.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் குரங்குகளிடம் கண்டார். ஒரு முன்கையின் உணர்வு நரம்புகளை மட்டும் துண்டித்தபோது, அசைக்கும் நரம்புகள் நன்றாக இருந்தும் குரங்கு அந்தக் கையை விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் மறுபடி அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. முயன்று முயன்று தோற்ற கையை, இனி முயலவே வேண்டாம் என்று விட்டுவிடவும் உடல் கற்றுக்கொள்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அதிலிருந்து ஒரு சிகிச்சை பிறந்தது. நோயாளியின் நல்ல கைக்குக் கனத்த கையுறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி வலுவிழந்த கையாலேயே வேலை செய்ய வைப்பார்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இரண்டு வாரம் இப்படிப் பழகியவர்களின் கை, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் கையைவிட நன்றாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தத் தேர்ச்சி நிலைத்திருந்தது.

அப்படியானால் ஒரு பயிற்சி அமர்வில் நோயாளி எத்தனை முறை கையை அசைக்கிறார்? செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் லாங்கும் அவர் குழுவினரும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 7 மையங்கள், 312 அமர்வுகள். எடுப்பது, வைப்பது, திறப்பது போல ஒரு வேலையை முன்வைத்துக் கையைப் பழக்கிய அமர்வுகளில் சராசரி 32 அசைவு என்று 2009-இல் எழுதினார்கள். மூளை தன்னை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்வதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ குரங்கும் எலியும் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டி உணவை எடுத்தன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பயிற்சிக் கூடம் வேறு மாதிரிதான் தெரிகிறது.

32-தானா என்று சிகிச்சையாளர்களைக் குறை சொல்வது எளிது. நாற்காலியிலிருந்து இறக்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், இறுகிப்போன விரல்களை நீவிப் பிரிக்க வேண்டும், கூட வந்திருக்கும் மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாது. அதைவிடப் பெரிய தடை அலுப்பு. பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னபோது, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் என்னிடம், “முப்பது வருசம் ஒரு கையில டிக்கெட்டு, ஒரு கையில கம்பின்னு நின்னவன் தம்பி நான். இத அடுக்கி என்னத்துக்கு ஆகப் போவுது?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அடுக்கிய கூம்பை நாமே கலைத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொல்கிறோம். ஒரு மனிதர் தன் கை தோற்றுக்கொண்டே இருப்பதை நூறு தடவை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால், அவருக்கு அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

அந்த ஆண்டுகளில்தான் வீ வந்தது. 2006 நவம்பரில் நின்டெண்டோ நிறுவனம் விற்பனைக்கு விட்ட விளையாட்டுக் கருவி அது. அதுவரை வீடியோ கேம் என்றால் பெரும்பாலும் கட்டைவிரல்களின் வேலை. வீயின் கைப்பிடிக்குள் முடுக்கத்தை உணரும் சில்லு இருந்தது. கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். உருட்டுவது போலச் செய்தால் பந்து உருளும். அடுத்த ஆண்டே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறு கடிதம் வெளிவந்தது. 29 வயதுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் தோள்வலியோடு எழுந்தார்; அதற்கு முன் மணிக்கணக்கில் வீயில் டென்னிஸ் ஆடியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. எத்தனை முறை கையை வீசினோம் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டார். மறுவாழ்வுத் துறை பல பத்தாண்டுகளாகத் தேடியது அதைத்தான்.

மருத்துவமனைகள் அதைச் சீக்கிரமே எடுத்துக்கொண்டன. வீயும் மறுவாழ்வைக் குறிக்கும் ‘ரீஹாப்’பும் சேர்ந்து ‘வீஹாப்’ என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. பிறகு கால் வைத்து நிற்கும் சமநிலைப் பலகை வந்தது. நான்கு மூலையிலும் எடை உணரிகள். பக்கவாதம் வந்தவர் தன்னையறியாமல் நல்ல காலிலேயே உடல் எடை முழுவதையும் போட்டு நிற்பார். நேராக நில்லுங்கள் என்று நாம் சொன்னால், நேராகத்தானே நிற்கிறேன் என்பார். பலகையில் ஏறினால் எடையின் மையம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைத் திரையில் அவரே பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் ராஸ் கிளார்க்கின் குழு 2010-இல் இந்தப் பலகையை ஆய்வகத்தின் விலையுயர்ந்த தளத்தோடு ஒப்பிட்டு, நிற்கும் சமநிலையை அளக்க இது நம்பத்தக்கது என்று காட்டியது. குழந்தைகள் ஆடிய பலகை ஒன்று மருத்துவமனையின் அளவுகருவியானது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

எண்ணிக்கைக்கு வருவோம். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் டெபி ராண்டும் அவர் குழுவினரும் ஒரு பிரிவினருக்கு வீடியோ கேமும் இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான பயிற்சியும் கொடுத்து அசைவுகளை எண்ணினார்கள். 2014-இல் வந்த முடிவு: நோக்கத்தோடு செய்த கை அசைவு, ஓர் அமர்வுக்கு விளையாட்டில் 271, வழக்கமான பயிற்சியில் 48. இரு பிரிவினரும் பக்கவாதத்தில் கை வலுவிழந்தவர்கள்தான். திரையில் ஒரு பந்து வந்ததும் கை ஐந்து மடங்குக்கு மேல் அசைந்திருக்கிறது.

இந்த இடத்தோடு கதை முடிந்துவிட்டால் நான் கருவி விற்பவர்களோடு முழுவதும் உடன்பட்டிருப்பேன்.

டொரான்டோவின் செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் ‘எவரெஸ்ட்’ என்ற பெயரில் ஒரு முன்னோட்ட ஆய்வு செய்தார். 22 பேர். ஒரு பிரிவினர் வீயில் டென்னிஸ் ஆடினார்கள், சமையல் விளையாட்டில் உருளைக்கிழங்கு நறுக்கினார்கள், வெங்காயம் உரித்தார்கள். இன்னொரு பிரிவினர் சீட்டு, பிங்கோ, மரக்கட்டைகளை அடுக்கி உருவும் ஜெங்கா ஆடினார்கள். மற்றவர்களோடு ஒப்பிடும்போது வீ ஆடியவர்கள் கைவேலைகளை 7 வினாடி விரைவாக முடித்தார்கள் என்று 2010-இல் முடிவு வந்தது. உலகெங்கும் பத்திரிகைகள் எழுதின. எத்தனையோ மருத்துவமனைகள் கருவி வாங்கின.

பிறகு சபோஸ்னிக், ஒரு நல்ல ஆய்வாளர் செய்ய வேண்டியதைச் செய்தார். தன் முடிவைத் தானே பெரிய அளவில் சோதித்தார். கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய 4 நாடுகளில் 14 மையங்கள், 141 நோயாளிகள், எல்லாரும் பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்தவர்கள். இரண்டு வாரத்தில் பத்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், வழக்கமான சிகிச்சைக்கு மேலதிகமாக. ஒரு பக்கம் வீ. மறுபக்கம் சீட்டு, டோமினோ, ஜெங்கா, பந்து. 2016-இல் லான்செட் நியூராலஜி இதழில் முடிவு வந்தது. இரு பிரிவினரின் கையும் தேறியிருந்தது. வேலைகளை முடிக்கும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

வீடியோ கேம் பயனற்றது என்று நிரூபணமாகிவிட்டது எனப் பலர் இதைப் படித்தார்கள். அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. பத்து மணி நேரம் கூடுதலாகக் கையைப் பழக்கிய இரண்டு பிரிவும் தேறியிருக்கின்றன. இயற்கையாகவே கை தேறிவரும் மாதங்கள் அவை என்பதையும், கூடுதல் பயிற்சியே இல்லாத மூன்றாவது பிரிவு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதனால் தேர்ச்சி முழுவதையும் விளையாட்டின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஒன்று உறுதி. அதே நேரத்தைச் சீட்டுக்கட்டோடு கழித்தவருக்கும் திரையோடு கழித்தவருக்கும் ஒரே பலன். கருவி வாங்கப் பணமில்லாத வார்டுகளுக்கு இது எவ்வளவு பெரிய நற்செய்தி! ஒரு சீட்டுக்கட்டின் விலை எல்லாருக்கும் தெரியும். சீட்டைக் கலைப்பதும், ஒவ்வொன்றாகப் புரட்டுவதும், விசிறிபோல விரித்துப் பிடிப்பதும் விரல்களுக்கு எத்தனை நுட்பமான வேலை என்பதையும் இங்கே பலர் அறிவீர்கள். வீயின் கைப்பிடியோ விரல் திறப்பதையும் மூடுவதையும் உணராது.

காக்ரன் அமைப்பின் தொகுப்பாய்வுகளும் இந்தத் திசையில்தான் நிற்கின்றன. அடிலெய்டின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட் லேவர் தலைமையில் 2017-இல் 72 ஆய்வுகளை, 2,470 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஒரே அளவு நேரம் கொடுத்து ஒப்பிட்டால், திரை விளையாட்டும் மெய்நிகர் பயிற்சியும் வழக்கமான பயிற்சியைவிடக் கைக்கு மேலானவை அல்ல. வழக்கமான பயிற்சிக்கு மேலே கூடுதல் நேரமாகச் சேர்த்தால் பலன் உண்டு. 2025-இல் அதே தொகுப்பைப் புதுப்பித்தபோது ஆய்வுகள் 190 ஆகவும் நோயாளிகள் 7,188 ஆகவும் பெருகியிருந்தார்கள். இப்போது கைக்குச் சிறிதளவு கூடுதல் பலன் தெரிகிறது. மாற்றாக அல்லாமல் மேலதிகமாகக் கொடுக்கும்போதுதான் பலன் பெரிது என்ற நிலை மாறவில்லை. ஆகவே, “கேம் வாங்கிவிட்டோம், இனி இரண்டு பிசியோதெரபிஸ்ட் போதும்” என்று ஒரு நிர்வாகி சொன்னால், அவர் கையில் இருக்கும் ஆய்வைத் தலைகீழாகப் படித்திருக்கிறார் என்று பொருள்.

விளையாட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேடும் அங்கேதான் வருகிறது. கடையில் விற்கும் விளையாட்டு நல்ல உடம்புக்காரர்களுக்காகச் செய்தது. அதற்குத் தேவை மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை நோயாளி எப்படி எடுக்கிறார் என்று அதற்குத் தெரியாது. வீயில் டென்னிஸ் ஆடத் தோளிலிருந்து வீசத் தேவையில்லை, மணிக்கட்டைச் சுண்டினாலே போதும் என்பதைப் பத்து வயதுப் பேரன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். நோயாளியும் கண்டுபிடிப்பார். முழங்கையை நீட்ட முடியாதவர் இடுப்பிலிருந்து முன்னால் சாய்வார், தோளைக் காதுவரை தூக்குவார். திரையில் வெற்றி, உடலில் தவறான பழக்கம் ஊறுகிறது. பக்கவாதத்துக்குப் பின் தோள் மூட்டு தளர்ந்து இறங்கியிருப்பவர்கள் வேகமாகக் கையை வீசினால் வலி வந்து மாதக்கணக்கில் கையையே தொட விட மாட்டார்கள். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் படாது; திரையின் இடப்பாதியில் வரும் பந்து அவர்களுக்கு வரவே இல்லை. வேகம் அதிகம், வண்ணம் அதிகம், சத்தம் அதிகம். ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் ஒருவரிடம் தோற்றுவிட்டாய் என்று திரை பத்துத் தடவை சொன்னால் பதினோராம் தடவை அவர் கருவியைத் தொட மாட்டார்.

2010-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கினெக்ட் கேமராவுக்குக் கைப்பிடியே வேண்டாம். உடலின் அசைவைத் தானே பார்க்கும். விரலை மூட முடியாதவர்களுக்கு அது திறந்துவிட்ட வாசல் பெரிது. அதை வைத்து, பக்கவாதம் வந்தவர்களுக்கென்றே விளையாட்டு செய்யத் தொடங்கினார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லின் கோத்தியர் உருவாக்கிய விளையாட்டில் நோயாளி ஆற்றில் படகு வலித்துப் போவார். மிதந்து வரும் புட்டியை எட்டி எடுப்பார், குகைக்குள் பறந்துவரும் வௌவால்களைத் தட்டிவிடுவார். ஒவ்வொன்றும் ஒரு கை அசைவு. அவரவர் கையின் எல்லைக்கேற்ப எளிதாகவோ கடினமாகவோ மாறும். நல்ல கைக்குக் கையுறை மாட்டும் டாபின் முறையை வீட்டுக்கே கொண்டுபோவது அவர் நோக்கம். கலிஃபோர்னியாவில் டேவிட் ரைன்கென்ஸ்மையரின் ஆய்வுக்கூடத்திலிருந்து இசைக்கு ஏற்பக் கட்டைவிரலை மற்ற விரல்களோடு தொடவைக்கும் கையுறை வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜேனட் அயரின் குழு சர்க்கஸ் விளையாட்டு ஒன்று செய்தது. இப்படிப்பட்ட விளையாட்டைச் செய்யும்போது, எந்த அசைவுக்கு மதிப்பெண் தருவது, எதற்குத் தரக்கூடாது என்பதை நோயாளியின் கையை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மறுவாழ்வு விளையாட்டின் உயிர் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது ஓங்கில், அதாவது டால்பின். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஜான் கிராக்கவர், கணினி வல்லுநர்கள் ஓமர் அகமது, ப்ரோமித் ராய் ஆகியோர் சேர்ந்து ஓர் ஓங்கிலைத் திரையில் படைத்தார்கள். பேண்டிட் என்று பெயர். எந்திரக் கை ஒன்று நோயாளியின் கையின் கனத்தைத் தாங்கிக்கொள்ளும். அவர் கையை அசைக்க அசைக்க ஓங்கில் நீந்தும், துள்ளும், மீனைப் பிடிக்கும், சுறாவை விரட்டும். டம்ளரை எடு, வை என்று இல்லை. கிராக்கவரின் வாதம் இது: கைக்குழந்தை எந்த வேலைக்காகவும் கையை ஆட்டுவதில்லை, சும்மா எல்லாத் திசையிலும் ஆட்டிப் பார்த்துத்தான் அசைவைக் கண்டடைகிறது. பக்கவாதம் வந்த புதிதிலும் கைக்கு அந்த அலைச்சல் தேவை.

ஓங்கிலைச் சோதித்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. பால்டிமோர், நியூயார்க், சூரிக் ஆகிய இடங்களில் 24 பேர், பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் இருந்தவர்கள். பாதிப் பேருக்கு ஓங்கில். மீதிப் பேருக்கு அதே அளவு நேரம் சிகிச்சையாளர் நேரடியாகக் கொடுத்த தீவிரப் பயிற்சி. நாளுக்கு இரண்டு அமர்வு, மூன்று வாரம். இரு பிரிவுக்கும் இடையே இங்கேயும் வேறுபாடு இல்லை. ஆனால், வழக்கமான அளவு சிகிச்சை மட்டும் பெற்ற முந்தைய நோயாளிகளின் பதிவோடு ஒப்பிட்டபோது, இரு பிரிவினரின் கையும் செயல்திறனில் அவர்களை மிஞ்சியிருந்தது. சபோஸ்னிக்கின் பெரிய ஆய்வில் சீட்டுக்கட்டு சொன்னதையே இங்கே ஓங்கிலும் சொல்கிறது. எது கையில் இருந்தது என்பதைவிட எவ்வளவு நேரம் கை வேலை செய்தது என்பதே பேசுகிறது.

காலத்தைப் பற்றியும் பேச வேண்டும். கிராக்கவரும் ஸ்டீவன் ஸைலரும் சுண்டெலிகளில் செய்த சோதனை ஒன்று உண்டு. மூளையில் பக்கவாதத்தை உண்டாக்கி ஓரிரு நாளில் பயிற்சி தொடங்கினால் எலியின் கை தேறுகிறது. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த அளவு தேறுவதில்லை. தேறாமல் நின்றுபோன எலிக்கு மூளையின் வேறிடத்தில் இரண்டாவது பக்கவாதத்தை உண்டாக்கி உடனே பயிற்சி கொடுத்தபோது, முதல் பக்கவாதத்தில் இழந்ததையும் மீட்டுக்கொண்டது. அடிபட்ட மூளை சிறிது காலம் ஒரு வாசலைத் திறந்துவைக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் படித்ததில்லை. மனிதர்களுக்கு அந்த வாசல் எப்போது? வாஷிங்டன் நகரில் அலெக்ஸாண்டர் ட்ரோமெரிக்கின் குழு 72 பேருக்கு 20 மணி நேரக் கூடுதல் கைப்பயிற்சியை வெவ்வேறு காலத்தில் கொடுத்துப் பார்த்தது. 2021-இல் வந்த முடிவின்படி, இரண்டு மூன்று மாதத்தில் பெற்றவர்களுக்கு மிகுந்த பலன். முதல் மாதத்தில் பெற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஆறு மாதம் கடந்து பெற்றவர்களுக்கு, கூடுதலாக எதுவும் பெறாதவர்களைவிடப் பெரிய வேறுபாடு இல்லை. ஆறு மாதம் கடந்தவர்களிடம் கேத்தரின் லாங்கே ஓர் ஆய்வு செய்தார். 3,200 அசைவு செய்தவரும் 9,600 அசைவு செய்தவரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். எண்ணிக்கையை நமக்குக் கற்பித்தவரே எண்ணிக்கைக்கு ஓர் எல்லையையும் காட்டினார்.

சீக்கிரம் என்றால் முதல் நாளே என்றும் பொருள் கொள்ள வேண்டாம். 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் வைத்தவர்களின் நிலை, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மூன்று மாத முடிவில் மோசமாக இருந்தது. இங்கே சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலோடும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் பலருக்குப் பக்கவாதம் வந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். உங்களுக்கு இனி ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லாங்கின் ஆய்வில் அவர்களும் தேறத்தான் செய்தார்கள், கொஞ்சமாக. அந்தக் கொஞ்சத்தில் ஒரு சட்டைப் பொத்தான் அடங்குமானால் அது கொஞ்சம் இல்லை.

இனி நம் ஊர். பெரும்பாலான நோயாளிகள் மருத்துவமனையில் சில நாள்தான் இருக்கிறார்கள். வாசல் அகலமாகத் திறந்திருக்கும் அந்த இரண்டாம் மூன்றாம் மாதங்களில் அவர்கள் வீட்டில், பெரும்பாலும் கட்டிலில், தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார்கள். வீட்டாரையே பழக்கிவிட்டால் போதாதா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் ஆய்வு செய்தார்கள்; லூதியானாவின் ஜெயராஜ் பாண்டியன் அதில் முன்னின்றார். 2017-இல் வந்த முடிவு வருத்தம் தருவது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும், வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும் 47 சதவீதம். வீட்டாருக்கு அக்கறை குறைவு என்று நான் நம்பவில்லை. சமையல், வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மருமகளால் நாளுக்கு எத்தனை தடவை மாமனாரின் கையைத் தூக்கிப் பழக்க முடியும்? அவருக்கு ஓர் உதவி வேண்டும்.

அந்த உதவியைச் செய்யும் கருவிகள் இங்கேயே உருவாகத் தொடங்கிவிட்டன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து ‘ப்ளூட்டோ’ என்ற சிறிய எந்திரத்தைச் செய்திருக்கின்றன. மேசைமேல் வைக்கலாம். ஒரே மோட்டார், பிடியை மாற்றி மாற்றிப் பொருத்தினால் மணிக்கட்டை மடக்கி நீட்டவும், முன்கையைத் திருப்பவும், உள்ளங்கையைத் திறந்து மூடவும் பழக்கும். எதிரே திரையில் விளையாட்டு. நோயாளியால் முடியாத இடத்தில் எந்திரம் கைகொடுக்கும். முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்த ஊர் வேலூர். அங்கிருந்து இது வந்ததில் எனக்குத் தனிப் பெருமை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. ஆனால் ஒருவர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அவர் வந்துபோன பிறகு, அடுத்து வரும்வரை அந்தக் கை என்ன செய்கிறது? விளையாட்டின் இடம் அந்த இடைவெளி என்பது என் உறுதியான எண்ணம். அவர் வரும்போது சாய்வதைத் திருத்துவார், தோளைப் பார்ப்பார், விளையாட்டின் அளவைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். இல்லாத நாட்களில் விளையாட்டு கையை அசைத்துக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கும் செல்போனின் கேமராவே உடலசைவைப் பார்த்துவிடும் காலம் இது. கினெக்ட்டின் உற்பத்தியே 2017-இல் நின்றுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. செல்போனும் இல்லாத வீட்டில் சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, பல்லாங்குழி. பல்லாங்குழியில் ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை விரல்கள் சோழியை அள்ளி ஒவ்வொன்றாக விடுகின்றன என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடுவது வலுவிழந்த கையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த அறக்கட்டளையினரிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். கருவி வாங்கித் தர வேண்டாம். ஓர் ஆய்வுக்கு உதவுங்கள். வீடு திரும்பிய நோயாளிகளை, முதல் மாதம் முடிந்ததும், மூன்று பிரிவாக்குவோம்: வழக்கமான வீட்டுச் சிகிச்சை மட்டும், அதோடு செல்போன் விளையாட்டு, அதோடு சீட்டும் பல்லாங்குழியும். சபோஸ்னிக்கின் பெரிய ஆய்வில் இல்லாத பிரிவு இதில் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் அசைவை எண்ணுவோம். மூன்று மாதம் கழித்து, யார் எந்தப் பிரிவு என்று தெரியாத ஒருவர் சோதிக்கட்டும். கைவேலைகளை அளக்கும் மேல்நாட்டுச் சோதனையில் பூட்டில் சாவியைத் திருப்புவதும் துண்டை மடிப்பதும் பென்சிலை எடுப்பதும் இருக்கின்றன. அவை அப்படியே இருக்கட்டும். அவற்றோடு சோறு பிசைந்து கவளம் எடுப்பது, சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவது, வேட்டியை இறுக்கிச் செருகுவது, சேலைக்கு மடிப்பு வைப்பது ஆகியவற்றையும் சேர்ப்போம். இயன்முறை மருத்துவ மாணவர்களே, நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளை வார்டில் ஒரு நோயாளியின் பக்கத்தில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, அந்த அரை மணி நேரத்தில் அவர் கை எத்தனை முறை அசைகிறது என்று குறித்து வாருங்கள். நமக்கு வேண்டிய முதல் எண் அது.